பதினாலாவது டிராப்பர்

"விடாதே" என்றார் இன்னாசிமுத்து. பிலோமினா விடவில்லை. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் எதை விட்டாள், இதை விட. குறட்டின் வாயில் கடிபட்டிருந்த கம்பி நுனி அவள் உள்ளங்கை வரைக்கும் சன்னமாக அதிர்ந்துகொண்டிருந்தது. தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு. ஜன்னலோரத்து ஆணியில் முடிச்சாகத் தொடங்கி, அறையை அடைத்துக் கிடந்த மேஜையின் நீளம் முழுக்க, விரலுயரக் கம்பங்களுக்கு நடுவே பொம்மைத் தண்டவாளத்துக்கு மேலாக ஓடி, இந்தப் பக்கம் கதவோரத்தில் அவள் கையில் வந்து முடிந்தது. "நீதான் இன்னிக்குக் கவுண்டர் வெயிட்டு" என்று முக்காலியில் உட்கார வைக்கும்போதே சிரித்தார். நிஜ ரயில் லைனில் கம்பி தொய்யாமல் இருக்க, கோடிக் கம்பத்தில் இரும்புக் கட்டிகளை அடுக்கித் தொங்கவிட்டிருப்பார்கள்; அதே மாதிரி கடலைப் பருப்பு அளவில் இவரும் கட்டிகள் செய்து வைத்திருந்தார், காலையில் அதன் கப்பி உடைந்துபோயிற்று, கட்டிக்குப் பதில் பெண்டாட்டி. மேல்கம்பி முன்னமே தொங்குகிறது. அதிலிருந்து இந்தக் கீழ்க்கம்பியைத் தாங்கிப் பிடிக்க அரையடிக்கு ஒரு துண்டு, டிராப்பர் என்று பேர், மொத்தம் பதினாலு, ஒவ்வொன்றாக ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டு ஜன்னலிலிருந்து அவளை நோக்கி வந்துகொண்டிருக்கிறார். பதினாலு முடிகிறவரை அவள் அசையக்கூடாது. இதுவரை மூன்று. சூட்டுக்கோலை வைக்கும்போதெல்லாம் ஈயத்தில் கலந்த குங்கிலியம் புகைந்து குப்பென்று எழுந்தது, கோயிலில் பூசைக்கு எழுகிற அதே வாசனை, அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது, எதன் முன்னால் எழ வேண்டிய வாசனை எதன் முன்னால் எழுகிறது பார். "மூச்சை மெதுவா விடு பிலோ, கம்பி ஆடுது." "மூச்சையே நிறுத்திடவா?" "பத்து செகண்டு நிறுத்தேன், புண்ணியமாப் போகும்" என்றார், வேடிக்கையாகத்தான் சொன்னார், எல்லாவற்றையும் வேடிக்கையாகத்தான் சொல்வார், அப்படித்தானே மனிதர் தப்பித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்றே கால். மகள் விண்ணரசி எட்டாம் வகுப்பில் கட்டுரைப் போட்டியில் வாங்கிய கடிகாரம், அவள் அறையில் அவளுடையது என்று மிச்சமிருப்பது அது ஒன்றுதான். கட்டில் போயிற்று, மேஜை வந்தது. புத்தக அலமாரிக்குக் கண்ணாடி போட்டாகிவிட்டது, உள்ளே இருபத்துமூன்று எலக்ட்ரிக் எஞ்சின்கள் வரிசையாக நிற்கின்றன, சிவப்பு, நீலம், பச்சை, ஒவ்வொன்றின் தலையிலும் மடங்கிக் கிடக்கிற இரும்புக் கை, பேண்டோ, அதைத் தூக்கிக் கம்பியைத் தொட்டுக்கொண்டுதான் ஓடும். ஒவ்வொரு எஞ்சினின் நம்பரும் அவருக்கு மனப்பாடம். மகளுக்கு டாக்டர் என்றைக்குப் பிரசவ டேட்டு சொன்னார் என்று இதுவரை மூன்று தரம் கேட்டாகிவிட்டது. நாலு மணிக்குப் போன் பண்ணுவேன் என்று சொல்லியிருக்கிறாள். நேற்று ஓசூரிலிருந்து பேசும்போது அவள் குரல் சன்னமாக, கோபத்தில் சன்னமாகிற குரல், அப்பனுடைய குரல்தான் அது, "அம்மா, எனக்கு எட்டு மாசம் முடியப்போவுது. ஹால்ல படுத்துக்கச் சொல்றாரா? சிலிண்டர்காரன் வருவான், கோயில் ஆளுங்க வருவாங்க, நான் அங்க பாயை விரிச்சு, புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு? என் ரூம் எனக்கு உண்டா இல்லையான்னு அப்பாகிட்டக் கேட்டு நாலு மணிக்கு ஒரு வார்த்தை சொல்லு. இல்லைன்னா அத்தை திண்டிவனத்துக்கே வான்னு கூப்பிடறாங்க, நாளைக்கே போயிடறேன். அப்புறம் புள்ளையைப் பாக்க வர்றேன்னு பஸ் ஏறி அங்க வந்து நிக்காதீங்க ரெண்டு பேரும்." நிக்காதீங்க. சொல்லிவிட்டாள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டில் இடமில்லை என்று ஒரு பெண் சம்பந்தியம்மா முன்னால் சொல்ல வேண்டியிருந்தால் அந்தத் தாய் எதற்கு இருக்கிறாள், கம்பி பிடிக்கவா. ராத்திரி சாப்பாட்டில் கேட்டாள். "சனிக்கிழமை ஆவட்டும்" என்றார். காலையில் காப்பியில் கேட்டாள். "மெட்ராஸ்லேருந்து மாடல் ரயில் செய்யறவங்க நாலு பேரு வர்றாங்கடி, சனிக்கிழமை, இந்த லேஅவுட்டைப் பாக்கறதுக்குன்னே வர்றாங்க." மத்தியானம் ரசம் ஊற்றும்போது கேட்டாள். "உனக்கு ஒரு விஷயம் ஒரு தரம் சொன்னா ஏறாதா?" சனிக்கிழமைக்கு அப்புறம் என்ன என்று நாலாவது தரம் கேட்கவில்லை. சனிக்கிழமைக்கு அப்புறம் பாலம், பாலத்துக்கு அப்புறம் சிக்னல், சிக்னலுக்கு அப்புறம் சுரங்கம், இங்கே எங்கே சுரங்கம் இருக்கிறது, அரக்கோணத்தில், ஆனாலும் சுரங்கம் வரும். "நாலு" என்றார். நாலாவது டிராப்பர் பிடித்துவிட்டது.

பதினாலு. சிலுவைப்பாதையும் பதினாலு ஸ்தலந்தான், நாலாவதில் ஆண்டவர் தாயைச் சந்திப்பது. பாவம் பாவம், எதை எதோடு சேர்க்கிறாய் என்று தன்னையே கடிந்துகொண்டாள், இடது கை விரல் கணுவில் மங்கள வார்த்தை ஜெபத்தை எண்ணப் பார்த்தாள், இரண்டு கையும் குறட்டில் இருந்தது, எண்ண முடியவில்லை. வாய்க்குள்ளேயே சொன்னாள். முப்பத்தொரு வருஷம் சொன்ன வாய். ரயில்வேயில் மேல்கம்பி வேலை, ஓஎச்இ பிரிவு என்றால் கலெக்டர் ஆபீஸ் மாதிரி என்றுதான் அவள் அப்பா நினைத்துக் கட்டிக்கொடுத்தார், வந்து பார்த்தால் ஏணி, கயிறு, இருபத்தைந்தாயிரம் வோல்ட்டு ஓடுகிற கம்பி. குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரி முதல் நாளே சொன்னாள், "தொட வேணாம்க்கா, கிட்டப் போனாலே இழுத்துக்கும்." அன்றைக்குப் பிடித்தது பயம். காலையில் அவர் டிபன் டப்பாவோடு படி இறங்கினதும் ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை, மதியம் ஒரு தரம், சாயங்காலம் சைக்கிள் மணி கேட்கிற வரைக்கும் இன்னொன்று. முழங்காலில் காய்ப்பு. மாதாவே, அந்தக் கம்பி இவரைத் தொடாமல் பார்த்துக்கொள். வேறு ஒன்றும் கேட்டதில்லை, நகை கேட்டதில்லை, மகன் பெலிக்ஸ் ஷார்ஜாவுக்குப் போகும்போதுகூட அவனுக்காக அவ்வளவு கேட்டதில்லை. கேட்டது கிடைத்தது. ஒரு கீறல் இல்லாமல் ரிட்டையர் ஆனார், மாலை போட்டார்கள், ஸ்வீட் கொடுத்தார்கள், அவள் நன்றிப் பூசை வைத்தாள். மறு மாசமே ஆள் அந்தக் கம்பியைச் சுருட்டி ஒரு அட்டைப் பெட்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். எதைக் கண்டு பயந்து பயந்து அவள் வயசு போயிற்றோ அதைப் பொம்மையாகச் செய்து மகள் கட்டில் கிடந்த இடத்தில் கட்டிவிட்டார். தூசி தட்ட வேண்டுமானால் அவரிடம் சொல்லி சுவிட்சை அணைத்து, எர்த்துக்கு என்று ஊக்கில் செய்த ஒரு குட்டிக் கொக்கியைக் கம்பியில் மாட்டி, அதற்கப்புறந்தான் துடைக்க வேண்டும். பன்னிரண்டு வோல்ட்டு. நாக்கில் வைத்தாலும் ஒன்றுமில்லையாம். ஆனாலும் ரூல்ஸ்.

"ஆறு. கை தாழுது பாரு." உயர்த்திக்கொண்டாள். தோள்பட்டையில் ஊசி குத்தினாற்போல் இருந்தது. அந்த வேர்க்கடலை ஞாபகம் வந்தது, வராமல் இருக்குமா, இவர் கிட்ட வரவர அதுவும் வரும். விண்ணரசி வயிற்றில் இருந்தபோது, ஒரு காலை நேரம், உளுந்து அரைத்துக்கொண்டிருக்கிறாள், வாசலில் யாரோ ஓடுகிறார்கள், மேலேயிருந்து ஒரு ஆள் விழுந்துட்டானாம், லைன்மேனாம். பேர் தெரியாது. மாவுக் கையோடு ஓடினாள். ஜல்லிக் கல்லில் செருப்பு அறுந்து, வெறுங்காலோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மைல் இருக்கும். அங்கே புங்க மரத்தடியில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். விழுந்தவன் வேறே செக்‌ஷன், காலில் அடி, பிழைத்துக்கொண்டான். அவள் மூச்சு வாங்க நின்றாள். இவர் எழுந்திருக்கக்கூட இல்லை. "இங்க எதுக்கு வந்தே? மாவுக் கையும் அதுவுமா, பைத்தியம் மாதிரி?" அத்தனை பேர் முன்னால். ஒருத்தன், நல்லவன்தான், நிலைமையைச் சிரிப்பாக்கப் பார்த்து, "அண்ணே, அண்ணி கிளியரான்னு கேக்க வந்திருக்காங்க, சொல்லிடுங்க" என்றான், இவர் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் தோளுக்கு மேல் தூக்கி விரலை விரித்து "கிளியர்!" என்றார், எல்லாரும் சிரித்தார்கள், கடலைத் தோல் பறந்தது. அது அவர்கள் வேலையில் உள்ள வழக்கம். கம்பியின் இழுப்பைத் தளர்த்துவதற்கு முன்னால், கம்பியைப் பிடித்திருக்கிறவன் "கிளியரா?" என்று கத்துவான், மற்ற எல்லாரும் என்ன வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு, விலகி, இரண்டு கையையும் தூக்கிக் காட்டி "கிளியர்" என்பார்கள். அதற்கப்புறந்தான் விடலாம். தூக்கத்தில் கேட்டாலும் கை தூக்குகிற மாதிரி பழக்குவார்கள். வீட்டிலும் பழக்கிவிட்டார். பீரோ நகர்த்தினால் கிளியரா. குக்கர் திறந்தால் கிளியரா. பிள்ளைகள் தொட்டிலில் இருந்தே கை தூக்கும். அவள் மட்டும் தூக்கமாட்டாள். புங்க மரத்தடியில் ஆரம்பித்த பிடிவாதம், முப்பது வருஷமாக அவர் கேட்டால் "ம்" என்பாள், கையைத் தூக்கமாட்டாள், அவர் கவனித்ததில்லை.

"ஏழு. இப்பப் பாரு, இதுதான் சூட்சுமம்" என்றார், யாரிடமோ சொல்கிற மாதிரி, சனிக்கிழமை வருகிற நாலு பேரிடம் சொல்லிப் பார்க்கிறார் போல. கம்பி நேராகப் போகக்கூடாதாம். ஒரு கம்பத்தில் கொஞ்சம் இடது, அடுத்த கம்பத்தில் கொஞ்சம் வலது, வளைந்து வளைந்து போக வேண்டும். "நேராப் போட்டா பேண்டோவுல ஒரே எடத்துல தேய்ச்சுத் தேய்ச்சு அறுத்துப்புடும். அதனாலதான் இப்படி. கடையில வாங்கற மாடல்ல எவனும் இதைச் செய்யமாட்டான், நேரா இழுத்து விட்டுடுவான்." இரும்புக்குக்கூட ஒரே இடத்தில் தேயக்கூடாது என்று தெரிந்து வைத்திருக்கிறார். என்னை எத்தனை வருஷமாக ஒரே இடத்தில். சொன்னால் "ஆங்?" என்பார், கோலை எடுத்துக்கொண்டே. எட்டாவதைப் பற்றவைக்கும்போது மேஜையில் இருந்த ஒரு கோட்டுக்கு மேலாக அவர் கை போயிற்று. மேஜை மூன்று துண்டு, கீல் போட்டது, அந்தக் கோட்டில்தான் மடியும். ஜனவரியில் வெள்ளையடிக்கும்போது மடக்கிச் சுவரோரம் சாத்தினார்கள், ஒரு நாள் பூரா அறை அறையாக இருந்தது, ஜன்னல் முழுசாகத் தெரிந்தது. "இந்தக் கோட்டுக்கு மேல கம்பியை வெட்டி விடமாட்டீங்களா?" என்று கேட்டாள், ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "வெட்டறதா? அசல்ல எங்கியாவது வெட்டியிருக்கா? ஒரே கம்பி. மேல்கம்பின்னா கொக்கியில மாட்டினது, கழட்டிக்கலாம். இது ஈயம். பதினாலும் புடிச்சிடுச்சின்னா அப்புறம் மேஜையை மடிக்கற பேச்சே இல்லை." ஊதினார். "நல்லதுதான். சும்மா மடி மடின்னு யாரும் கேக்க முடியாது."

யாரும் என்றால். இந்த வீட்டில் யாரும் என்றால் எத்தனை பேர். அப்போதுதான் அவளுக்குத் தலையில் இறங்கியது. சனிக்கிழமை என்றாரே, அது சும்மா. பதில் இதுதான். நாலு மணிக்கு மகளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை மூன்றரை மணிக்கு ஈயத்தால் எழுதிக்கொண்டிருக்கிறார், எழுதுகிற பலகையை அவளையே பிடிக்கச் சொல்லி. ஒவ்வொரு டிராப்பரும் விண்ணரசி அறைக் கதவில் ஒரு ஆணி, ஆணியை அடிக்கிறவர் அவர், கதவை இழுத்துப் பிடித்திருப்பவள் பெற்ற தாய். ஒன்பது. சிலுவையோடு மூன்றாம் முறை விழுவது. நாளைக்கு மகள் திண்டிவனத்துக்கு வண்டி ஏறுவாள். சம்பந்தியம்மா யாரிடமும் ஒன்றும் சொல்லமாட்டாள், நல்ல மாதிரி, "அவங்க வீட்ல எடம் பத்தாது" என்று மட்டும் சொல்வாள், அது போதும். குழந்தைக்கு முதல் தண்ணி ஊற்றுகிற கை வேறே கை. பெயர் வைத்தபிறகு போட்டோ வரும். விட்டுவிட்டால் என்ன? குறட்டை லேசாகத் திறந்தால் போதும். அந்த நினைப்பு ஈ மாதிரி வந்து மூக்கில் உட்கார்ந்தது, கை ஓய்வில்லை, ஓட்ட முடியவில்லை. விட்டால் கம்பி சுருண்டு அடித்துக்கொண்டு போகும், ஒன்பதும் பிய்ந்துபோகும், கம்பங்கள் சாயும், மூன்று வார வேலை. பத்தாவதுக்கு நகர்ந்தார். கிட்டப் பார்வை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி விட்டுக்கொண்டு வெறுங்கண்ணால் கம்பிக்கு ஒரு ஜாண் தூரத்தில் முகத்தை வைத்துத்தான் வேலை செய்வார். இப்போது அவள் கைக்கும் அவர் முகத்துக்கும் நடுவே ஒரு முழம்.

விட்டால் நேரே கண்ணில்தான். தெரிந்துதான் இருந்தது, முதலில் தெரியாத மாதிரி இருந்தது, இப்போது தெரிந்தது. இவ்வளவு இழுப்பில் இருக்கிற கம்பி, நுனி கூர், எந்தக் கண் என்றுகூடத் தெரிந்தது, இடது கண், இமையில் மரு இருக்கிற கண். மாதாவே, இது என் நினைப்பில்லை, இது எங்கிருந்தோ வருகிறது. இருபத்தைந்தாயிரம் வோல்ட்டிடமிருந்து காப்பாற்றிக் காப்பாற்றி வைத்த உடம்பு, பன்னிரண்டு வோல்ட்டுக் கம்பி, அதுவும் என் கையில். முப்பத்தொரு வருஷ ஜெபத்தை ஒரு விரல் தளர்த்தினால் தீர்த்துவிடலாம். கம்பி ஆடியது. "ஏய், ஏய், ஆட்டாதே!" "ஆட்டலை." "பதினொண்ணு போயிடும்டி, புடி ஒழுங்கா. உனக்கு ஒரு வேலை குடுத்தா இதான்." அவர் மூச்சு அவள் மணிக்கட்டில் பட்டது, ரச வாசனை, காலையில் அவளே தட்டிப்போட்ட மிளகு. பிடித்தாள். வெறுப்போடு பிடித்தாள், பயத்தோடு பிடித்தாள், எது அதிகம் என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி இரண்டும் ஒரே இழுப்பாகக் கம்பியில் போயிற்று. விடாதே பிலோமினா. விடு பிலோமினா. கண்ணாடியை இறக்கி விட்டுக்கோங்க என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பார். உங்களைக் குத்திவிடுவேன் போலிருக்கிறது என்று சொல்ல முடியுமா, ஐம்பத்தெட்டு வயசில், கோயிலில் மரியாயின் சேனையில் இருந்துகொண்டு. பன்னிரண்டு. கடிகாரத்தில் நாலுக்கு மூன்று நிமிஷம். இன்றைக்குப் பார்த்து மகள் மறந்துவிடட்டும், தூங்கிவிடட்டும், சிக்னல் இல்லாமல் போகட்டும். இல்லை, அடிக்கட்டும், இப்போதே அடிக்கட்டும். பதின்மூன்று. சிலுவையிலிருந்து இறக்கித் தாய் மடியில் கிடத்துவது. அவர் முகம் இப்போது அவள் கைக்கு ஒரு ஜாண் தூரத்தில், நரைத்த புருவம், மரு, ஈரமான கண், குழந்தை மாதிரி நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு. ஒருகாலத்தில் அந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில் அவளும் பார்த்திருக்கிறாள். அன்றைக்கும் அவர் வேறு எதையோதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹாலில் போன் அடித்தது.

"அடிக்கட்டும்" என்றார். பதினாலாவது துண்டைச் சிமிட்டா இடுக்கியில் எடுத்தார். "விண்ணரசி" என்றாள். "தெரியுது, அப்புறம் பேசிக்கலாம், விடாதே." போன் அடித்தது. மூன்றாவது மணி. மகள் ஏழு தரம் அடிக்க விடுவாள், அதற்கு மேல் அடிக்கவிடமாட்டாள், அவள் குணம். "ஏங்க, ரூமு?" "பிலோ, ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி, வாயை மூடிக்கிட்டுப் புடி." நாலாவது மணி. கோலைக் கிட்டே கொண்டுபோனார், புகை எழுந்தது, இமை சுருங்கியது, மரு சுருங்கியது. ஐந்து. பிலோமினாவின் வயிற்றிலிருந்து ஒரு குரல் வந்தது, அவள் குரல் மாதிரியே இல்லை, வெயிலில் ஏணி மேல் நிற்கிற ஆளின் குரல், அந்த வீட்டில் அவள் ஒருநாளும் கேட்டிராத கேள்வியை அவளே கேட்டாள்.

"கிளியரா?"

இன்னாசிமுத்துவின் கை அவரைக் கேட்கவில்லை. கோல் ஸ்டாண்டில் விழுந்தது, சிமிட்டா விழுந்தது, பதினாலாவது துண்டு எங்கோ போயிற்று, ஒரு எட்டு பின்னால் போய் நிமிர்ந்து இரண்டு கையையும் தோளுக்கு மேல் தூக்கி விரலை விரித்து, "கிளியர்!" என்றார், அறை அதிர. சொன்ன பிறகுதான் முகம் மாறியது.

விட்டாள். கம்பி ஒரு சீறலோடு சுருண்டு ஜன்னலை நோக்கி ஓடியது, பதின்மூன்றும் ஒவ்வொன்றாகத் தெறித்தன, டிங் டிங் டிங்கென்று, கம்பங்கள் இரண்டு சாய்ந்தன, கண்ணாடிக்குள் இருந்த இருபத்துமூன்றும் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றன. அவள் ஹாலுக்குப் போய் ஆறாவது மணியில் எடுத்தாள். "என்னம்மா, அப்பா என்ன சொன்னாரு?" பிலோமினா திரும்பிப் பார்த்தாள். கதவு வழியாகத் தெரிந்தார், தூக்கிய கையை இறக்காமல், நெற்றியில் கண்ணாடியோடு, வாய் லேசாகத் திறந்தபடி. கண்ணைப் பார்த்தாள். இடது. வலது. இரண்டும் இருந்தன. ஸ்தோத்திரம்.

"அப்பா ஒண்ணும் சொல்லல. நான் சொல்றேன், வா" என்றாள். "வரும்போது மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வா. மேஜையை மடக்கணும், கனம், உங்கப்பாவுக்கு முடியாது."